நடு நட்டைத் தொடாதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கீழ்த்தள கார் பார்க்கிங்கில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்த கையோடு கீழே இறங்கி வந்திருக்கிறீர்கள். நன்றி. லிஃப்ட் பராமரிப்பு, சம்ப் சுத்தம் செய்வது என்று செயலாளர் பேச வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் என் பேச்சை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் சி பிளாக் தம்பி ஒருவர் ஒரு கேள்வி போட்டார். "சங்கப் பணத்தில் ஒரு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்கி, ஏணி, டிரில் மெஷின் வைத்திருக்கும் பொது அலமாரியில் வைக்கலாமா? முன் ஷாக் அப்சார்பரை நாமே மாற்றிக்கொள்ளலாமே" என்று கேட்டிருந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். "பி பிளாக் சார் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர், அவரைக் கேளுங்கள்" என்று ஒருவர் என்னைக் கோர்த்துவிட்டார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் வேறு சில சாமான்கள் வாங்கலாம். உங்கள் காரின் முன் சஸ்பென்ஷனில் நீங்களே செய்யக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. ஒரே ஒரு நட்டு மட்டும் எல்லைக்கோடு. அதற்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப். ஏன் என்று இனி விளக்குகிறேன்.

சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

என் அப்பா ஓட்டியது அம்பாசிடர். அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. நீளமான ஒரு இரும்புக் கம்பி முறுக்கிக்கொண்டு வண்டியின் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் தனியாக ஒரு பக்கம் இருக்கும். ஷாக் கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம்.

இன்று இந்தப் பார்க்கிங்கில் நிற்கும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. அவற்றில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் அது. அவர் ஃபோர்டில் இருந்தபோது, 1950இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வைத்த கான்சல், ஜெஃபிர் கார்களில் இந்த அமைப்பு வந்தது. நம் நாட்டில் 1983 இறுதியில் மாருதி 800 வந்தபோது இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

இதில் என்ன விசேஷம்? ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும். ஷாக்கின் உடம்பில் ஒரு தட்டு, அந்தத் தட்டின் மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் ரப்பர் வைத்த டாப் மவுண்ட். அது பானெட்டுக்கு அடியில் வண்டியின் பாடியோடு சேரும். மூன்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது ஷாக் தண்டின் உச்சியில் உள்ள ஒரு நட்டு. நான் நடு நட்டு என்று சொல்லப்போவது இதைத்தான்.

செலவு குறைவு, இடம் மிச்சம், பாகங்களும் குறைவு. அதனால்தான் உலகம் முழுக்க இந்த அமைப்பு பரவியது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஷாக்கை மட்டும் மாற்ற நினைத்தாலும், டாப் மவுண்டின் பேரிங்கை மட்டும் மாற்ற நினைத்தாலும், அந்த நடு நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் விடுபடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

சஸ்பென்ஷன் சத்தம் என்றாலே "ஷாக் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையில் ஒரு மாதம் ஓட்டினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் சத்தத்திற்கு வேறு காரணங்களும் உண்டு.

சின்னச் சின்னக் குழிகளில் மெதுவாகப் போகும்போது "கட கட" என்று டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல வந்தால், முதலில் லிங்க் ராடைச் சந்தேகப்படுங்கள். ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் விரல் தடிமனுள்ள தண்டு அது. இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு இருக்கும். அதைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தளர்ச்சி தெரியும்.

பிரேக் பிடிக்கும்போதும், பிரேக்கை விட்டுக் கிளம்பும்போதும் "டொக்" என்று ஒரே அடி விழுந்தால், லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கும். லோயர் ஆர்ம் முனையிலுள்ள பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் அதற்கும் நேரம் வந்துவிட்டது.

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் ஸ்பிரிங் "டங்" என்று துள்ளுவது போலக் கேட்கிறதா? ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பானெட்டைத் திறந்து டாப் மவுண்டில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே அதிர்ந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சக்கரம் முங்க நின்ற வண்டி என்றால் பால் ஜாயின்ட், ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, தட்டு எல்லாவற்றையும் துருவுக்காகப் பார்த்துவிடுங்கள். கடற்காற்று வேறு இருக்கிறது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து ஒடிந்துபோவது உண்டு. வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால்தான் ஷாக் போய்விட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பானெட்டின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் சரியில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், லிங்க் ராட், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் ஆகிய மூன்றையும் மெக்ஃபர்சன் வண்டிகளில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமலே மாற்றலாம். ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கம்ப்ரஸர் வாங்குவது, பல் வலிக்குக் கண் டாக்டரிடம் போவது போல.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஜீப் வகை வண்டிகளிலும் சில பழைய கார்களிலும் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே பால் ஜாயின்ட்டைக் கழற்றினாலே ஸ்பிரிங் வெளியே பாயும். நான் இன்று சொல்வது எதுவும் அந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.

ஒரு கேஸ் சிலிண்டர் கணக்கு

ஸ்பிரிங்கில் என்ன அப்படி ஆபத்து என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

சிறிய காரின் முன் ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க ஏறக்குறைய 2 கிலோ எடை வேண்டும் என்று எடுத்துக்கொள்வோம். நடு நட்டைக் கழற்றும் அளவுக்கு அதை 12 சென்டிமீட்டர், அதாவது 120 மில்லிமீட்டர் அமுக்குகிறோம் என்று வைப்போம். கடைசியில் அது 240 கிலோ எடையோடு திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். நாலு ஆள் எடை. அதைப் பிடித்து வைத்திருப்பவை கம்ப்ரஸரின் இரண்டு திருகுத் தண்டுகளும் அவற்றின் கொக்கிகளும்தான்.

அந்த ஸ்பிரிங் சட்டென்று விடுபட்டால்? பூஜ்யத்தில் தொடங்கி 240 கிலோ வரை ஏறியதால் சராசரி 120 கிலோ. அது 12 சென்டிமீட்டர் தூரம் தள்ளுகிறது. நம் வீட்டுக்கு வரும் நிரம்பிய கேஸ் சிலிண்டர், 14.2 கிலோ கேஸும் உருளையின் எடையும் சேர்த்துச் சுமார் 30 கிலோ. அந்தச் சிலிண்டர் அரை மீட்டர் உயரத்திலிருந்து பாதத்தில் விழுந்தால் எவ்வளவு அடியோ, அவ்வளவு சக்தி இதில் அடைபட்டிருக்கிறது.

சிலிண்டர் விழுந்தால் நேராகக் கீழேதான் விழும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. இரண்டரைக் கிலோ இரும்பில் அந்தச் சக்தி முழுதும் இறங்கினால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிக் கிளம்பும். நீங்கள் அதற்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்துகொண்டிருப்பீர்கள்.

ஏழாம் நம்பர் தூண்

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் ஒருமுறை திரும்பி அந்த ஏழாம் நம்பர் தூணைப் பாருங்கள். சம்ப் மூடிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது. இடுப்பு உயரத்தில் உள்ளங்கை அளவு பூச்சு பெயர்ந்திருக்கும். இரண்டு வருடம் முன்பு செயற்குழுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது குழாயின் இரும்பு முனை இடித்திருக்கும் என்று முடிவு செய்து, அந்த மாதக் கணக்கில் லாரிக்காரரிடம் 500 ரூபாய் பிடித்தோம். "நான் இடிக்கலை சார்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அதைச் செய்தது லாரி இல்லை. நான்.

என் காரில் டாப் மவுண்ட் பேரிங் போயிருந்தது. இணையத்தில் இரண்டு கொக்கி வகைக் கம்ப்ரஸர் ஒரு ஜோடி வாங்கினேன். முப்பது வருடம் லேத்திலும் பிரஸ்ஸிலும் வேலை பார்த்தவன், இது ஒரு வேலையா என்ற நினைப்பு. ஞாயிறு மதியம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். ஸ்ட்ரட்டை இறக்கி, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வைத்து, கொக்கிகளை மாட்டினேன். இரண்டும் நேர் எதிரெதிராக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் சுற்று வாகாக அமையாததால் ஒன்று கொஞ்சம் பக்கவாட்டில் நின்றது. "பரவாயில்லை" என்று விட்டேன். மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஸ்பேனர் வாகாக இருந்த பக்கத்தை நாலு சுற்று, மறுபக்கத்தை இரண்டு சுற்று என்று திருகினேன். ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்தது. வளைந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நடு நட்டைக் கழற்றினேன்.

ஸ்ட்ரட் உருளாமல் இருக்க, கேட்டிலிருந்த செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டு, "கொஞ்சம் புடிங்கண்ணே" என்றேன். அவர் தூணுக்கு முதுகைக் காட்டி, என் எதிரில் குந்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போது கேட்டில் ஒரு கூரியர் வண்டி ஹாரன் அடித்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து போனார். கீழே விழுந்த வாஷரை எடுக்க நான் பக்கவாட்டில் குனிந்தேன்.

அவ்வளவுதான். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கொக்கி வழுக்கி, டாப் மவுண்டும் கம்ப்ரஸர் தண்டும் அவர் குந்தியிருந்த இடத்தைத் தாண்டிப் போய்த் தூணில் அடித்தன. அவர் ஓடி வந்து, "என்ன சார் சத்தம்?" என்றார். "ஜாக்கி சரிஞ்சிடுச்சு" என்றேன். பெயர்ந்த சிமெண்டைக் காலால் ஒதுக்கிவிட்டேன்.

எனக்கு அடி படவில்லை. அவருக்கும் படவில்லை. ஆனால் அதற்கு நான் காரணமில்லை, அந்தக் கூரியர்க்காரர்தான் காரணம்.

இரண்டு வருடமாக என்னை உறுத்துவது ஸ்பிரிங் இல்லை. சம்பளத்துக்கு நம்மிடம் வேலை பார்க்கும் ஒருவரை "கொஞ்சம் புடிங்க" என்று கூப்பிட்டால் அவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? அதில் என்ன ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். என் பேரிங்குக்காக அவர் முகத்தைப் பணயம் வைத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு லாரிக்காரரையும் பலி கொடுத்தேன்.

நீங்கள் செய்யக்கூடியது

இப்போது உபயோகமான பகுதிக்கு வருகிறேன். ஷாக்கோ டாப் மவுண்டோ மாற்றியே ஆக வேண்டும், கூலியை மிச்சம் பிடிக்கவும் வேண்டும், நாமே செய்த திருப்தியும் வேண்டும் என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. ஸ்ட்ரட்டை முழுத் தூணாக நீங்களே கழற்றுங்கள். அதை அப்படியே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள். அங்கே ஸ்பிரிங்கைப் பிரித்துப் புதிய ஷாக்கில் மாட்டித் தருவார்கள். அதைக் கொண்டுவந்து நீங்களே மாட்டுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும்தான் நேரம் பிடிக்கும் வேலை, அது உங்கள் கையில். ஆபத்தான வேலை அதற்கான மெஷின் வைத்திருப்பவர் கையில். கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கழற்றும் முறை இது.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கியில் தூக்கியவுடன், மேனுவல் காட்டும் இடத்தில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக் கூட விடாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு இல்லை. அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

முடிந்தால் முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராட் நட்டு படுத்தும்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு, ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், லிங்க் ராட் மூன்றையும் விடுவியுங்கள். நிறைய வண்டிகளில் ஸ்ட்ரட்டின் அடியை நக்கிளோடு சேர்ப்பது இரண்டு பெரிய போல்ட்டுகள். கழற்றுமுன் அவை நின்ற இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். நக்கிளை ஒரு கம்பியாலோ கயிற்றாலோ கட்டி வையுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள்.

கடைசியாகப் பானெட்டுக்கு அடியில் டாப் மவுண்டைப் பாடியோடு பிடித்திருக்கும் நட்டுகள். வட்டமாக இரண்டோ மூன்றோ இருக்கும். ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு ஓரத்து நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் ஓரத்து நட்டுகளே இருக்காது. மேலே நடுவில் ஒன்று மட்டும் தெரியும், அதற்கு அடியில் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட்டு தனியாக ஒளிந்திருக்கும். உங்கள் வண்டி அந்த வகையா என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்து உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

திரும்ப மாட்டும்போது கழற்றிய வரிசையைத் தலைகீழாக்குங்கள். எல்லா நட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு. லோயர் ஆர்ம் மாற்றினால், ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். ஷாக்கை ஜோடியாகவே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். எல்லாம் முடிந்ததும் நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அதற்கு 200, 300 மிச்சம் பிடித்தால் டயரில் ஆயிரக்கணக்கில் போகும்.

ஒர்க்‌ஷாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்ட்ரட்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், தள்ளி நின்று பாருங்கள். தரையிலோ சுவரிலோ பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். அது ஸ்பிரிங்கை மேலும் கீழும் அகலமாகப் பிடித்து நேராக அமுக்கும்.

கொக்கி வகைதான் இருக்கிறது என்றால், கொக்கிகள் நேர் எதிரெதிராக இருக்கின்றனவா, முடிந்தவரை அதிகச் சுற்றுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றனவா, பாதுகாப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒரு சுற்று, மறுபக்கம் ஒரு சுற்று என்று கை ஸ்பேனரால்தான் திருக வேண்டும். ஏர் கன் வைத்து ஒரே மூச்சில் திருகினால் மரை தேய்ந்துபோகும். ஸ்பிரிங் வளைந்தால் உடனே தளர்த்தி முதலிலிருந்து மாட்ட வேண்டும். ஸ்பிரிங் தன் தட்டிலிருந்து தளர்ந்து கையால் ஆடும் நிலை வந்த பிறகே நடு நட்டைக் கழற்றலாம். அப்போதும் தூணின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான்.

திரும்பக் கூட்டும்போது ஸ்பிரிங்கின் முனை தட்டிலுள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் பழசாக இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள், இன்னொரு தடவை பிரிக்க வேண்டாம். நடு நட்டை முழுதாக இறுக்கிய பிறகுதான் கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும்.

சங்கத்துக்கு என் யோசனை

சி பிளாக் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் பொது அலமாரியில் ஒரு கருவி இருந்தால், அதை யார் எடுக்கிறார், என்ன தெரிந்து எடுக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. யார் கைக்கோ போய், மரை தேய்ந்து, ஊசி தொலைந்து திரும்பி வரும். அடுத்து எடுப்பவருக்கு அது தெரியாது. ஏணி அப்படித்தான் இப்போது நாலு படியோடு நிற்கிறது.

அதற்குப் பதிலாக, நல்ல தரமான ஜாக் ஸ்டாண்டு இரண்டு ஜோடி, சக்கரக் கட்டை நாலு, டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கலாம். நம் வீட்டு வேலைகளுக்கு இவை எல்லாம் தேவைப்படும். ஆபத்தைக் குறைப்பவை, கூட்டுபவை அல்ல.

கூடவே நாலு விதிகள் வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, பார்க்கிங்கில் யாரும் ஸ்பிரிங்கைப் பிரிக்கக் கூடாது, வெளியிலிருந்து கூப்பிடும் மெக்கானிக்கும் சேர்த்து. இரண்டு, சக்கரம் கழற்றும் வேலை நடக்கும்போது சுற்றிலும் கயிறு கட்ட வேண்டும், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் மாலை நேரத்தில் செய்யக் கூடாது. மூன்று, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே சாப்பிடப் போகக் கூடாது. நாலு, செக்யூரிட்டி, தோட்டக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, யாரையும் இந்த வேலைக்குத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. அவர்களாக முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தபோது, லாரிக்காரரிடம் நடந்ததைச் சொல்லி 500 ரூபாயைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. குழாயை மாட்டப் போய்விட்டார். செக்யூரிட்டி அண்ணனிடம் இன்று காலை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கூரியர்காரனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும் சார்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

தூணைப் பூசுவதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டாண்டு வாங்குவது பற்றியும், நான் சொன்ன நாலு விதிகள் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இப்போது செயலாளர் சம்ப் சுத்தம் பற்றிப் பேசுவார்.